சிட்டி பாப்: கேட்காமல் போன பாட்டைத் தேடிப் பிடிப்பது எப்படி?

1985 மார்ச்சில் ஜப்பானில் 'பிளாஸ்டிக் லவ்' என்றொரு பாட்டு 12 அங்குல இசைத்தட்டாக வந்தது. எழுதிப் பாடியவர் மரியா தகேவுச்சி. எந்தப் பாட்டு எவ்வளவு விற்கிறது என்று அங்கே கணக்கெடுக்கும் ஓரிகான் பட்டியலில் அது ஏறிய உயரம் 86-ஆவது இடம். விற்பனை பத்தாயிரம் பிரதிகளை ஒட்டி நின்றுவிட்டது. 2017 ஜூலையில் ஒரு ரசிகர் அதை யூடியூபில் ஏற்றினார். ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவர்களுக்கெல்லாம் யூடியூப் தானாகவே அதைக் காட்ட ஆரம்பித்தது. பார்வைகள் இரண்டு கோடியைத் தாண்டிய பிறகு, வீடியோவில் இருந்த படத்தை எடுத்த புகைப்படக்காரர் உரிமை கேட்டதால் அது நீக்கப்பட்டது. 2019-ல் திரும்பி வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் இந்தப் பாட்டுக்காக எடுத்ததே இல்லை. 1980-ல் வந்த தகேவுச்சியின் வேறொரு சிங்கிளுக்கானது (சிங்கிள் என்றால் ஒரு பாட்டை முன்னிறுத்தித் தனியாக வரும் சின்ன இசைத்தட்டு).

சிட்டி பாப் என்ற இந்த ஜப்பானிய இசை வகையைப் பற்றிய பேச்சு ஜப்பானுக்கு வெளியே இவ்வளவு பரவியதில் இந்த ஒரு பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பலரும் இதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். நுழைந்த பிறகு, எல்லாப் பட்டியலிலும் இருக்கிற அதே பத்துப் பாட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அங்கிருந்து அடுத்து எங்கே போவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. என் கட்சி இதுதான்: பாடகர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஏற்கெனவே தெரிந்த பாட்டுகளுக்கே போய்ச் சேருவீர்கள். இசைத்தட்டின் உறைக்குள் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் பிடியுங்கள், ஊர் கவனிக்காத பாட்டுகள் கிடைக்கும்.

இது எங்கிருந்து வந்தது

1970களின் நடுவிலிருந்து 80களின் பிற்பகுதி வரை ஜப்பானில், பெரும்பாலும் டோக்கியோ ஸ்டூடியோக்களில் பதிவான பாப் இசை இது. அமெரிக்க சோல், ஃபங்க், டிஸ்கோ, ஜாஸ் ஃப்யூஷன், கலிஃபோர்னியாவின் மென்மையான ராக் எல்லாம் சேர்ந்த இசையில் ஜப்பானிய வரிகளைப் பாடுவார்கள். கறாரான எல்லைக்கோடு கிடையாது. ஒரு பாட்டு சிட்டி பாப்தானா என்று ரசிகர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நீங்கள் அதில் இறங்க வேண்டாம்.

வேர் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்று 1970 வாக்கில் அங்கே பெரிய விவாதமே நடந்தது. 'ஹேப்பி எண்ட்' என்ற நால்வர் குழு ஜப்பானிய மொழியிலேயே பாடிக் காட்டியது. குழு சீக்கிரமே கலைந்துவிட்டது. கலைந்தவர்கள்தான் அடுத்த பத்து வருடத்துக்கு எல்லா இடத்திலும் இருந்தார்கள். பேஸ் கிடார் வாசித்த ஹருவோமி ஹொசோனோ மற்றவர்களின் ஆல்பங்களுக்கு வாசிக்கப் போனார். எயிச்சி ஓதாகி 'நயாகரா' என்று சொந்தமாக ஒரு லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் அமைப்பு, தொடங்கி, 'சுகர் பேப்' என்ற இளைஞர் குழுவின் ஆல்பத்தை 1975-ல் வெளியிட்டார். அது பெரிதாக ஓடவில்லை. பின்னால் இருந்த இசைத்தட்டு நிறுவனம் திவாலானது, அடுத்த வருடமே குழுவும் கலைந்தது. அந்தக் குழுவில் பாடிய இருவர், தத்சுரோ யமாஷிதாவும் தாயெகோ ஓநுகியும். சிட்டி பாப் பற்றி யார் பேசினாலும் இந்த இரண்டு பெயர்களைத் தவிர்க்க முடியாது.

பாட்டு எதைப் பற்றியது என்றால், நகரத்தில் கையில் கொஞ்சம் காசு இருக்கிற இளைஞனின் இரவு பற்றியது. கார், நெடுஞ்சாலை, கடற்கரை, பார், தொலைபேசி. யூமி அராய் 1976-ல் பாடிய 'சுவோ ஃப்ரீவே' பாட்டில் டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் விரைவுச் சாலையில் காதலனோடு கார் போகிறது. வலப்பக்கம் குதிரைப் பந்தய மைதானம், இடப்பக்கம் பீர் தொழிற்சாலை என்று ஜன்னலில் தெரிவதை அப்படியே சொல்கிறார். இரண்டும் ஃபுச்சூ என்ற இடத்தில் இன்றும் இருக்கின்றன. 1979 ஜூலையில் சோனி வாக்மேன் 33,000 யென் விலைக்கு வந்தது. பாட்டைக் கேட்டுக்கொண்டே தெருவில் நடக்கலாம் என்றானது. அடுத்த வருடம் யமாஷிதாவின் 'ரைடு ஆன் டைம்' பெரிய ஹிட் ஆனது. அது மாக்செல் கேசட் விளம்பரத்தில் வந்த பாட்டு, விளம்பரத்தில் கடலுக்குள் நின்றதும் அவரேதான்.

ஒரு விஷயத்தை இங்கே திருத்தியாக வேண்டும். சிட்டி பாப்பை ஜப்பானின் 'பபிள்' காலத்துப் பாட்டு என்று எழுதுகிறார்கள். நிலமும் பங்குகளும் தாறுமாறாக விலை ஏறிய அந்தக் காலம், 1985 செப்டம்பரில் பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தாகி யென் மதிப்பு கூடியதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பங்குச் சந்தை உச்சம் தொட்டது 1989 டிசம்பர் கடைசியில். நாம் கொண்டாடும் பாட்டுகளைப் பாருங்கள்: 1977, 1979, 1982, 1984. பெரும்பகுதி அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. பணம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் பிறந்த இசை என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

காதில் என்ன விழ வேண்டும்

பக்கத்தில் ஒரு கீபோர்டு இருந்தால் ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தெளிவான, சந்தேகமே இல்லாத சந்தோஷம். விரலை எடுக்காமல் காகலி நிஷாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் ஸட்ஜத்துக்கு அரை ஸ்வரம் கீழே அந்த நிஷாதம் போய்ச் சேராமல் நிற்கிறது. சந்தோஷம் அப்படியே இருக்கிறது, கூடவே ஒரு ஏக்கமும் வந்துவிடுகிறது. மேஜர் செவன்த் என்ற கார்ட் இது. சிட்டி பாப் முழுக்க இப்படி நான்கு ஸ்வரம், ஐந்து ஸ்வரம் சேர்ந்த கார்டுகள்தான். ஆட்டம் போட வைக்கிற பாட்டிலும் ஏதோ ஒரு வருத்தம் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். பெரும்பாலும் இதை வாசிப்பது ஃபெண்டர் ரோட்ஸ் என்ற எலெக்ட்ரிக் பியானோ. 1983-ல் யமாஹாவின் டிஎக்ஸ்7 வந்த பிறகு கண்ணாடியைத் தட்டியதுபோன்ற சத்தம் அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு பாட்டின் வருடத்தை ஊகிக்க இந்த வித்தியாசமே பாதி உதவும்.

அடுத்தது கிடார். யமாஷிதாவின் 1982 ஆல்பம் 'ஃபார் யூ'. அதன் முதல் பாட்டு 'ஸ்பார்க்கிள்', தொடங்கும்போது கிடார் மட்டும்தான் கேட்கும். அந்தச் சில நொடிகளை ஹெட்ஃபோனில் நாலைந்து தடவை கேளுங்கள். வலது கை நிற்கவே நிற்காது. தாளத்தைப் பதினாறாகப் பிரித்து மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். இடது கை விரல்கள் கம்பியை அழுத்தினால் ஸ்வரம் கேட்கும், லேசாகத் தளர்த்தினால் 'சிக்' என்று செத்துப்போகும். எந்த அடி கேட்க வேண்டும், எந்த அடி சாக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்ததில்தான் அந்தப் பாட்டின் துள்ளலே இருக்கிறது. ஜப்பானில் இந்த வாசிப்பை 'கட்டிங்' என்பார்கள். அப்புறம் டிரம்ஸும் பேஸும் உள்ளே வரும். டிரம்ஸ் ஜுன் அவோயாமா, பேஸ் கோகி இதோ. அந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'பிளாஸ்டிக் லவ்' பாட்டிலும் வாசித்தது இதே இருவர். அரேஞ்ச் செய்து, அதாவது எந்தக் கருவி எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று அமைத்து, தயாரித்தவர் யமாஷிதா. மரியா தகேவுச்சியும் அவரும் 1982-ல் திருமணம் செய்துகொண்டவர்கள். யூடியூப் ஏதோ ஒரு புதையலைத் தோண்டி எடுத்ததுபோல் எழுதுகிறார்களே, அந்தப் பாட்டு இருந்த 'வெரைட்டி' ஆல்பம் 1984-ல் ஜப்பானில் முதலிடத்தில் இருந்தது. தகேவுச்சி அங்கே மறக்கப்பட்டவர் இல்லை. அந்த ஒரு பாட்டைத்தான் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

வரிகள் புரியாவிட்டால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். மிகி மத்சுபரா 1979-ல் பாடிய 'மயோனகா நோ டோர்' பாட்டை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவுக் கதவு என்று பொருள். பல்லவியில் 'ஸ்டே வித் மீ' என்ற ஆங்கிலம் வருவதால் ஏதோ ஜாலியான பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். சரணத்தில் ஒருத்தி, விட்டுப் போனவனின் சாம்பல் நிற ஜாக்கெட்டில் இருக்கும் காப்பிக் கறையை அடையாளம் கண்டுகொண்டு, நீ கொஞ்சமும் மாறவில்லையே என்கிறாள். போகாதே என்று நள்ளிரவில் கதவைத் தட்டி அழுததும் அவள்தான். யோஷிகோ மியூரா எழுதிய வரிகள். பாடும்போது மத்சுபராவுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. 2020 டிசம்பரில் இந்தப் பாட்டு ஸ்பாட்டிஃபையின் உலக வைரல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. இந்தோனேசியப் பாடகி ரைனிச் தன் குரலில் மறுபடி பாடிப் போட்ட கவரும், ஜப்பானிய அம்மாக்களுக்கு இதைப் போட்டுக் காட்டிய டிக்டாக் வீடியோக்களும் சேர்ந்து தள்ளிவிட்டன. அதைப் பார்க்க மத்சுபரா இல்லை. 2004-லேயே, 44 வயதில், புற்றுநோயால் இறந்துவிட்டார்.

ஒரு பாட்டு ஏன் கவனிக்கப்படாமல் போகிறது

நன்றாக இல்லாததால் என்று சொல்லிவிட முடியாது. இசைத்தட்டு நிறுவனங்களிடம் அப்போது காசு இருந்தது. பெயரே கேள்விப்படாத பாடகிக்கும் டிரம்பெட், டிராம்போன் ஊதும் முழு பிராஸ் குழுவையும் வயலின் வரிசையையும் கூட்டி வந்து பதிவு செய்தார்கள். வாசித்தவர்களோ அதே இருபது முப்பது ஸ்டூடியோ கலைஞர்கள். காலையில் ஒரு நட்சத்திரத்துக்கு, மாலையில் ஒரு புதுமுகத்துக்கு. ஆக, ஓடாத ஆல்பத்திலும் வாசிப்பு ஓடிய ஆல்பத்தின் தரத்தில்தான் இருக்கும். சிட்டி பாப்பில் தேடல் இவ்வளவு பலன் தருவதற்குக் காரணமே இதுதான்.

பாட்டு மறைந்துபோகும் இடங்கள் சில உண்டு. சிங்கிளாக வராமல் ஆல்பத்துக்குள் கிடந்த பாட்டு ஒரு வகை. தொமோகோ ஆரன் 1983-ல் பாடிய 'மிட்நைட் ப்ரிடெண்டர்ஸ்' அப்படிப்பட்டது. 2022-ல் கனடாவின் பாடகர் தி வீக்கெண்ட் அதை எடுத்து 'அவுட் ஆஃப் டைம்' பாட்டுக்கு அடித்தளமாக வைத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்னொரு வகை, சிங்கிளின் பின்பக்கம். யமாஷிதாவின் 'பாம்பர்' ஒரு பி சைடு பாட்டு. ஒசாகா டிஸ்கோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு அதை ஓட வைத்தார்கள். தேடிக் கண்டுபிடிக்கிற வேலை இன்றைக்கு ஆரம்பித்ததில்லை என்பதற்கு இதைச் சொல்லலாம். தாயெகோ ஓநுகியின் 'சன்ஷவர்' கதை வேறு மாதிரி. 1977-ல் வந்தது, ரியூயிச்சி சகமோட்டோ அரேஞ்ச் செய்தது, அமெரிக்காவிலிருந்து கிறிஸ் பார்க்கர் வந்து டிரம்ஸ் வாசித்தது. இருந்தும் அன்று சீண்டுவாரில்லை. 2017-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இந்த எல்பியை, அதாவது முழு ஆல்பமும் அடங்கிய இசைத்தட்டை, தேடியே ஜப்பானுக்கு வந்த ஓர் அமெரிக்கரைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஜப்பானிலேயே அதற்கு மவுசு கூடிவிட்டது.

இதோடு, ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் பழைய பாட்டுகளை இணையத்தில் ஏற்றுவதில் ரொம்பவே தாமதித்தன. ஸ்பாட்டிஃபையே அங்கே 2016 செப்டம்பரில்தான் வந்தது. அந்த இடைவெளியை ரசிகர்கள் தங்கள் எல்பிகளிலிருந்து ஏற்றிய வீடியோக்கள் நிரப்பின. 1992-ல் ஒளிபரப்பான 'செய்லர் மூன்' கார்ட்டூன் துண்டு ஒன்றை, அதற்குப் பத்து வருடம் முந்தைய பாட்டின் மேல் ஓட்டுகிற பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். அழகாகத்தான் இருக்கிறது. வருடத்தை மட்டும் அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பொடி எழுத்தைப் பின்தொடர்வது

ஜப்பானிய எல்பியின் உள்ளே பாடல் வரிகள் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் வரி எழுதியவர், மெட்டமைத்தவர், அரேஞ்ச் செய்தவர் என்று மூன்று பெயர்கள். பல ஆல்பங்களில் யார் எந்தக் கருவி வாசித்தார் என்பதும் இருக்கும். எல்பி கையில் இல்லாவிட்டால் இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து வைக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஆல்பத்தைத் தேடினால் இதே விவரம் கிடைக்கும். அரேஞ்சர் பெயரைச் சொடுக்கினால் அவர் வேலை செய்த இசைத்தட்டுகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

'ஸ்பார்க்கிள்' பாட்டிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம். மெட்டு யமாஷிதா. வரிகள் மினாகோ யோஷிதா. யார் இவர் என்று பார்த்தால், யமாஷிதாவின் 70களின் பாட்டுகள் பலவற்றுக்கும் வரி எழுதியவர், பின்னணியில் கோரஸும் பாடியவர். 1979-ல் ஆன் லூயிஸ் பாடிய 'கோயி நோ பூகி வூகி ட்ரெயின்' இதே ஜோடியின் வேலை. டிஸ்கோ பிடிக்கும் என்றால் அதைத் தவற விடாதீர்கள். இன்னும் ஒரு படி போனால், யோஷிதாவே பாடகி. 1981-ல் வந்த அவருடைய 'மான்ஸ்டர்ஸ் இன் டவுன்' ஆல்பத்தைப் போடுங்கள். முதல் பாட்டு 'டவுன்'. நீளமான ஃபங்க், பிராஸ் வந்து வந்து மோதுகிறது, அவர் குரல் அதற்கெல்லாம் மேலே ஏறி நிற்கிறது. கடற்கரை, நீச்சல்குளம் என்று நாம் சிட்டி பாப்புக்கு மனதில் வரைந்து வைத்திருக்கும் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ராத்திரியில் தெருவில் நிற்கிற இசை. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் கையைக் காட்டுவது இதைத்தான். அப்படியே பின்னால் போய் அவருடைய 1973 முதல் ஆல்பத்தின் தாளைப் பார்த்தால், பேஸ் வாசித்தவர் யார் தெரியுமா? ஹேப்பி எண்டில் இருந்த அதே ஹொசோனோ.

இன்னொரு தடம், 'மயோனகா நோ டோர்' பாட்டுக்கு மெட்டமைத்த தெத்சுஜி ஹயாஷி. 1983-ல் ஆன்ரி பாடிய 'கனாஷிமி கா தொமாரனாய்', அதே வருடம் ஒமேகா ட்ரைப் குழுவின் 'சம்மர் சஸ்பிஷன்', அடுத்த வருடம் அகினா நகமோரியின் 'கிதா விங்' எல்லாம் அவருடையவை. அவை ஹிட் பாட்டுகள், எப்படியும் உங்களை வந்து சேரும். நான் சொல்ல வருவது மொமோகோ கிகுச்சி. 'ஐடல்' என்று அங்கே ஒரு தொழில் உண்டு: பதின்வயதுப் பெண்கள், பத்திரிகை அட்டை, தொலைக்காட்சி, கூடவே பாட்டு. கிகுச்சி அப்படி வந்தவர். குரல் மெல்லிசு, காற்றுதான் அதிகம். அதனாலேயே இசைப் பித்தர்கள் பலர் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் அவருடைய ஆல்பங்களுக்கு மெட்டமைத்தவர் ஹயாஷி. 1986-ல் வந்த 'அட்வென்ச்சர்' ஆல்பத்தில் 'மிஸ்டிகல் கம்போசர்' பாட்டைக் கேளுங்கள். குரலை ஒரு கருவியாக நினைத்துக்கொண்டு, கீழே பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அட்டையில் சிரிக்கும் பெண்ணைப் பார்த்து ஒதுக்கியவர்கள் எதை இழந்தார்கள் என்று தெரியும்.

இப்படி உங்களுக்குப் பிடித்த எந்தப் பாட்டிலிருந்தும் இறங்கலாம். 1976-லிருந்து 1986 வரை என்று வருட எல்லை வைத்துக்கொண்டால் வேலை சுலபம். ஒரு எச்சரிக்கை மட்டும். '1983-ல் தொலைந்துபோன சிட்டி பாப்' என்ற மாதிரித் தலைப்போடு, ஓவியம் போட்ட வீடியோக்கள் இப்போது குவிகின்றன. பல செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை. உண்மையான இசைத்தட்டு என்றால் பாடியவர் பெயர், லேபிள், அட்டவணை எண், அரேஞ்சர் எல்லாம் எங்காவது பதிவாகி இருக்கும். அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

யமாஷிதாவை எங்கே கேட்பது என்ற கேள்வி நிச்சயம் வரும். அவருடைய ஆல்பங்கள் ஸ்பாட்டிஃபை போன்ற சந்தா சேவைகளில் கிடையாது. அதில் அவருக்கு விருப்பம் இல்லை. 1976-லிருந்து 1982 வரையிலான அவருடைய ஆல்பங்கள் 2023-ல் எல்பியாகவும் கேசட்டாகவும் மறுபடி வந்தன. எல்பி விலை அதிகம் என்று தோன்றினால் ஜப்பானியக் கடைகளில் பழைய சிடி தேடுங்கள், மலிவாகவே கிடைக்கும். வாங்கும்போது உள்ளே வரிகள் அச்சிட்ட தாள் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.